ஜூடோப் புள்ள கேட்ட ஓட்டு

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. இத்தனை பேரில் ஒருத்தருக்கும் ஜூடோப் புள்ளையைப் போல விழத் தெரியாது. நமுனுகுல மலையே சரிந்தாலும் அவள் உருண்டு எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு நடந்துபோவாள்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் எங்கள் லயத்துப் பெண் அவள்; அந்த வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த வீடு. ஆளைப் பிடித்துத் தூக்கிக் கீழே போடுகிற அந்த விளையாட்டை பதுளையில் பழகி, கொழும்பில் நாட்டுக்கே முதலாவதாக வந்தாள். பெண் பார்க்க வெலிமடையிலிருந்து வந்த அம்மா கேட்டாள்:

"என்னம்மா செய்யத் தெரியும்?"

"ஒங்க மகன ரெண்டு செக்கன்ல படுக்க வச்சிருவேங்க."

தேத்தண்ணீர் ஆறுவதற்குள் மாப்பிள்ளை பஸ் ஏறிவிட்டான்.

கொழுந்தெடுக்கிற எங்களுக்கும் விழப் பழக்கினாள். "நாடிய நெஞ்சுல ஒட்டிக்கங்க அம்மாயி, கையால தரைய அடிங்க!" மழைநாளில் மலைச்சரிவெல்லாம் படார் படார் என்று சத்தம். கங்காணி பதறி ஓடிவருவார். ஒருத்திக்கும் எலும்பு முறியவில்லை.

பிறகு பிரதேச சபைத் தேர்தலில் தனியாக நின்றாள். அவள் கைகொடுக்க வந்தால் ஆண்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். எங்கள் லயமோ எப்போதும் தொழிற்சங்கத்துத் தோட்டத் தலைவர் காட்டுகிற சின்னத்துக்குத்தான் போடும். அவர், "எங்க, என்னயத் தூக்கு பாப்போம்!" என்று அவள் கையைப் பிடித்தார். மறுநொடி தேயிலைச் செடிக்குள் கிடந்தார்.

"நாடிய ஒட்டலியே தலைவரே!" என்று அவளே தூக்கிவிட்டாள்.

என்னிடமும் வந்தாள். "அம்மாயி, ஒங்க ஓட்டு எனக்குத்தானே?"

"வேற யாருக்குடி?" என்று பைபிள்மேல் கைவைத்துச் சொன்னேன்.

தேர்தலுக்கு முதல்நாள் தலைவர் கூரைத் தகரத்தோடு வந்தார். "அவளுக்குப் போட்டா இது கெடையாதுக்கா." என் அடுப்புமேல் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் சின்னத்துக்கே போட்டுவிட்டேன். கொஞ்ச ஓட்டில் அவள் தோற்றாள்.

தோற்றவர்கள் கண்ணில் படமாட்டார்கள். இவளோ அடுத்த வாரம் வீடு வீடாக வந்து, இடுப்பு வளைய வணங்கினாள்.

"போட்டி முடிஞ்சா கும்புடாம எறங்கக்கூடாது அம்மாயி. எனக்குப் போட்டீங்களே, நீங்க நல்லாருக்கணும்."

வெளியே நல்ல மழை. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. நான் தேத்தண்ணீர் ஊற்ற அடுப்புப் பக்கம் போய்விட்டேன்.

மறுபடியும் நிற்கப்போகிறாளாம். தகரத்தைக் கழற்றிக்கொண்டு போனாலும் என் ஓட்டு அவளுக்குத்தான்.

கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினத வாசிச்சுக் காட்டு. நான் ஏமாத்துன எடத்த மட்டும் கொஞ்சம் சத்தமா வாசி. சொவத்துக்கு அந்தப் பக்கம் அவ இருக்கா.