காலாவதித் தேதிக்குக் கீழே

மேலாளர் பழச்சாறு பாட்டிலை மேசைமேல் ‘டொக்’கென்று வைத்தார்.

"என்னய்யா இது?"

"பாட்டில், சார்."

"அது எனக்கும் தெரியும். காலாவதித் தேதிக்குக் கீழே பாரு. ‘வா’ன்னு இருக்கு. யாரை வரச் சொல்றே?"

புள்ளி அந்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், ஜென்மத்தில் பாட்டிலையே பார்க்காதவன் மாதிரி. தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவன் ‘புள்ளி’தான். பெரிய புள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். பாட்டில்களில் தேதி அடிக்கும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன். தேதி புள்ளி புள்ளியாக விழுவதால் வந்த பெயர்.

"மைத்துளி சிதறியிருக்கும், சார்."

"சிதறினா கறை விழும். எழுத்து விழுமா?"

"சில சமயம் அப்படியும்..."

"துணைக்காலோடவா?"

"சரி பண்ணிடறேன், சார்" என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு நழுவினான்.

அந்த ‘வா’ அவன் மனைவிக்கு.

ஒருநாள் சமையலறையில் அவள் பாடிக்கொண்டிருந்தாள். கூடத்தில் விருந்தாளிகள். புள்ளிக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. "உன்னைவிட என் மெஷின் சுதியோட கத்தும்" என்று குரல் கொடுத்தான். விருந்தாளிகள் சிரித்தார்கள். பாட்டு நின்றது. மறுநாள் காலையில் அவள் துணிப்பையோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு வீட்டில் குழாய் சொட்டுவதுகூட அவனுக்குக் கேட்டது. அவள் இருந்தவரை அந்தக் குழாய் ஒழுகுவதே அவனுக்குத் தெரியாது. போன் செய்தால் சகலைதான் எடுப்பார்.

"அக்கா குளிக்கிறாங்க, சகலை."

"காலையிலயும் குளிச்சாளே?"

"இப்பவும் குளிக்கிறாங்க."

பேச வழியில்லாமல்தான் எந்திரத்திடம் வந்தான். அவள் எந்த பாட்டிலை வாங்கினாலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பாள். "உங்க கையெழுத்து வந்திருக்கு" என்று சிரிப்பாள். கையெழுத்தைப் பார்க்கிறவள் கடிதத்தையும் பார்க்காமலா போவாள்?

எந்திரத்தின் வாயிலிருந்து மை நூல்போல வரும். உள்ளிருக்கும் அதிர்வு அந்த நூலைத் துளித்துளியாக உடைக்கும். எழுத்துக்கு வேண்டிய துளிக்கு மட்டும் மின்சாரம் ஏறும். அது வளைந்து போய் பாட்டிலில் உட்காரும். வேண்டாத துளி நேராகப் போய் ஒரு சிறு குழாயில் விழுந்து, புறப்பட்ட தொட்டிக்கே திரும்பிவிடும். அந்தத் திரும்பி வரும் துளிகளையே இப்போது அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

எந்திரத்துக்குத் தமிழ் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். ‘வா’வைப் புள்ளி புள்ளியாக அவனே வரைந்து உள்ளே ஏற்றியிருந்தான்.

மேலாளர் சொன்னபடி அதை அழித்துவிடத்தான் உட்கார்ந்தான். கை போகவில்லை. ‘வா’ என்றால் அதிகாரம் அல்லவா, அதிகாரத்துக்கு அவள் எப்படி வருவாள் என்று தோன்றியது. அழித்துவிட்டு ‘மன்னிச்சிடு’ என்று வரைந்தான்.

அது சுலபமாக அடங்கவில்லை. மேல் வரிசைத் துளிகள் குறி தப்பின. இரண்டு எழுத்துக்கும் புள்ளியே விழாமல் ‘மனனிசசிடு’ என்று வந்தது. மை கெட்டியாகிவிட்டது என்று கரைப்பானைக் கலந்தான், எழுத்து அழுதது. அழுத்தத்தைக் கூட்டினான், துளிக்கு வால் முளைத்தது. மின்சாரத்தை ஒரு மயிரிழை ஏற்றி, அதிர்வை ஒரு மயிரிழை இறக்கினான். அப்புறம் விழுந்தது பாருங்கள், புள்ளி வைத்தாற்போல! தேதியைவிடத் தெளிவாக ‘மன்னிச்சிடு’.

அந்தத் தெளிவுதான் வினையாயிற்று.

"எதுக்குய்யா மன்னிக்கணும்? உள்ளே என்னத்தப் போட்டீங்க?" என்று முதல் கடைக்காரர் போனில் கத்தினார். அடுத்த அழைப்பில் ஒரு பெண் கிசுகிசுத்தாள்: "நான் பாதி குடிச்சிட்டுத்தான் படிச்சேன். மீதியைக் குடிக்கலாமா, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?"

மேலாளருக்கு முகமெல்லாம் வேர்த்தது. "புள்ளி! நீ என்ன பண்ணுவியோ தெரியாது. ஜனங்களுக்கு பயம் தெளியணும்!"

புள்ளி அதை அட்சரம் பிசகாமல் செய்தான். அடுத்த லோடு முழுக்க, தேதிக்குக் கீழே, ‘பயப்படாதீங்க’.

அதுவரை பயப்படாமல் இருந்தவர்களும் பயந்தார்கள். பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பி வந்தது. வாசலில் கூட்டம். ஒருவர் பாட்டிலைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு, "இது வெடிக்குமா?" என்று காவலாளியைக் கேட்டார்.

மேலாளர் அறைக் கதவைச் சாத்தினார்.

"உண்மையைச் சொல்லு. உன்னை யாரு மன்னிக்கணும்?"

புள்ளி தரையைப் பார்த்தான். "வீட்டுக்காரி, சார்."

"போன்ல சொல்ல வேண்டியதுதானே?"

"குளிக்கிறாளாம், சார்."

"எப்பப் பார்த்தாலுமா?"

"எப்பப் பார்த்தாலும்."

மேலாளர் ஏதோ திட்ட வாயெடுத்து, நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "என் வீட்லயும் ஒரு தடவை இப்படித்தான் தலைவலியா இருந்துச்சு. மூணு மாசத் தலைவலி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளையிலேர்ந்து நீ லாரியில பெட்டி ஏத்துற வேலைக்குப் போ. மை பக்கம் தலைவச்சுப் படுக்காதே."

அன்று மாலை புள்ளி கால்களை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். சாவியைக் கதவருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றான். பூட்டு இல்லை. உள்ளே பாட்டு கேட்டது. சுதி எங்கோ, பாட்டு எங்கோ. அது முடியும்வரை அவன் கதவைத் தொடவில்லை.

அவள் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். "வாசல்லயே நின்னா எப்படி? வாங்க."

அவன் "பார்த்தியா?" என்று மட்டும் கேட்டான்.

"பார்த்தேன், பார்த்தேன்... எவ்வளவுதான் பார்க்கிறது? முடியல. வந்துட்டேன்."

"தெளிவா இருந்துச்சா?"

"எது?"

"புள்ளியெல்லாம்."

"வந்ததும் வராததுமா உங்க புள்ளியா?" என்று தலையில் அடித்துக்கொண்டவள், சிரித்துவிட்டாள். "கையைக் கழுவிட்டு வாங்க. என்ன இப்படி இளைச்சுட்டீங்க!"

எந்திர வேலை போனால் போகிறது, எழுதிய மை வீண் போகவில்லை என்று அவனுக்கு மனம் நிறைந்தது. அன்றே குழாயையும் சரி செய்தான்.

மறுநாள் பெட்டிகளை ஏற்றும்போது முதுகு முறிந்தது. ஆனாலும் முகத்தில் கல்யாணக்களை. கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு லாரி டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தம்பி, உன்னை நான் உயிருள்ள வரைக்கும் மறக்க மாட்டேன். என் வீட்டுக்காரிகிட்ட என் வார்த்தையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது உன் லாரிதான்."

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. புள்ளி உட்கார்ந்து முழுக்கதையையும் சொன்னான், ‘வா’விலிருந்து நேற்றைய பாட்டு வரைக்கும். கேட்டு முடித்த டிரைவர் தலையைச் சொறிந்தான்.

"ஆத்துக்கு அந்தப் பக்கமா? அண்ணே, அங்கே நம்ம பாட்டில் ஒண்ணுகூட இதுவரைக்கும் போனதில்லையே!"