கழுத்துக்கு மட்டும் அளவெடுத்தவன்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கம்பெனியில் லீவு கேட்டு எழுதியதுதான். அதிலும் காரணம் எப்போதும் காய்ச்சல் ஒன்றுதான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் என் பெயரைக் கேட்டால்கூட மெதுவாகத்தான் சொல்வேன். அவர்கள் தப்பாகக் காதில் வாங்கி வேறு பெயரால் கூப்பிட்டால் அதற்கும் திரும்பிப் பார்ப்பேன். (ஒரு சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போகும்வரை என்னைக் குமார் என்றே கூப்பிட்டார். நான் குமார் இல்லை.) இப்படிப்பட்டவன் எழுத உட்காருவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் என் மனைவி வசந்தா இந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அதில் நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாகிறேன். நடந்தது நடந்தபடி ஓரிடத்தில் இருந்துவிட்டால் நல்லது என்று தோன்றியது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். இதைச் சொன்னதும் எல்லாருக்கும் நான் கோட்டு சூட்டு தைக்கிறவன் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. உள்ளே இருப்பவர்களுக்குத்தான் விஷயம் தெரியும். அங்கே ஒரு சட்டையை ஒருவர் தைப்பதில்லை. துணி வெட்டுவது ஓர் இடம், கை தைப்பது ஒரு டேபிள், பாக்கெட் ஒரு டேபிள், பட்டன் பட்டி ஒரு டேபிள். என் டேபிளுக்கு வருவது காலர். கட்டுக் கட்டாக வரும். தைப்பேன், திருப்புவேன், முனையைக் கூராக எடுத்துவிடுவேன், திரும்பக் கட்டி அடுத்த டேபிளுக்குத் தள்ளுவேன். அதன் பிறகு அது என்ன ஆகிறது என்பது என் கவலை இல்லை. முகம் தெரியாத எத்தனையோ வெளிநாட்டுக்காரர்களின் கழுத்தைச் சுற்றி என் தையல் இருக்கிறது. ஆனால் ஒரு முழுச் சட்டை நான் தைத்ததில்லை. நான் போட்டுக்கொள்வதே ஆவடி மார்க்கெட்டில் வாங்கிய ரெடிமேட் சட்டைதான்.

வசந்தாவுக்கு இது தெரியும். தெரிந்தும் வெளியில் சொல்ல அவளுக்கு மனது வராது. ஆவடிப் பக்கம் சேக்காட்டில் நாங்கள் குடியிருந்த தெரு முழுக்க, "எங்க ஊட்டுக்காரரு எக்ஸ்போர்ட் டைலரு" என்று சொல்லி வைத்திருந்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் மறுத்திருக்க வேண்டும். கூச்சப்படுகிறவனுக்கு ஆமாம் சொல்வதும் கஷ்டம், இல்லை என்பது அதைவிடக் கஷ்டம். அதனால் சும்மா சிரித்துவைப்பேன். அந்தச் சிரிப்பைத் தன்னடக்கம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

எங்களுக்கு மேல் மாடியில் ஸ்டெல்லா குடியிருந்தார். பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவர், வசந்தாவின் நெருங்கிய தோழி. அவருக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் குழந்தை இல்லை. இனி இல்லை என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்ட பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது. எஸ்தர் என்று பெயர் வைக்க முடிவு செய்து, கோயிலில் ஞானஸ்நானத்துக்கு நாளும் குறித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் சாயங்காலம் ஸ்டெல்லா ஒரு பிஸ்கட் டப்பாவோடு கீழே இறங்கி வந்தார். டப்பாவுக்குள் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு லேஸ். பால் விட்ட டீ மாதிரி நிறம். கையால் பின்னியது. பூவும் இலையுமாக அவ்வளவு நுணுக்கம். ஸ்டெல்லாவின் அம்மா பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் சமையல் வேலை பார்த்தவர். அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது வீட்டு அம்மா தன் கல்யாண உடையிலிருந்த லேஸைப் பிரித்து இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். அதை வைத்து ஸ்டெல்லாவின் அம்மா தன் மகளுக்கு ஞானஸ்நான கவுன் தைத்தார். கவுன் துணி இற்று உதிர்ந்துவிட்டது. லேஸ் மட்டும் மிச்சம். அம்மாவும் காலமாகிவிட்டார்.

"இத்த வச்சு எம் பொண்ணுக்கு ஒரு கவுன் தச்சுக் குடுங்கண்ணா. எங்கம்மா கை அது மேல பட்ட மாதிரி இருக்கும்," என்றார் ஸ்டெல்லா.

நான் வசந்தாவைப் பார்த்தேன். இவளாவது உண்மையைச் சொல்லமாட்டாளா என்று. "அதுக்கின்னா, சூப்பரா தச்சுடுவாரு," என்றாள் அவள். நான் சிரித்துவைத்தேன்.

ஸ்டெல்லாவுக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. அவர் கணவருடைய அக்கா, திருநெல்வேலியில் இருக்கும் கிரேஸ் அக்கா, ஏற்கெனவே ஒரு கவுன் வாங்கிவிட்டதாகப் போனில் சொல்லியிருந்தார். பளபளப்பான சாட்டின், முதுகில் பெரிய ரிப்பன் முடிச்சு. பழைய லேஸ் சமாச்சாரத்தைக் கேள்விப்பட்டு, "ஊர்ல இல்லாத பிள்ளைக்கு யாரோ கட்டிக் கழிச்சதையா போடணும்" என்று கேட்டாராம். ஆகவே என் கவுன் ஒழுங்காக வரவில்லையென்றால் குழந்தை சாட்டினில்தான் ஞானஸ்நானம் பெறும். ஸ்டெல்லாவின் அம்மா பிஸ்கட் டப்பாவிலேயே இருந்துவிடுவார்.

இதை நினைத்து எனக்கு ராத்திரியில் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் நன்றாகத் தூங்கினேன். ஏனென்றால் வேலையை ஆரம்பித்ததும் எனக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. மெல்லிய மல் துணி வாங்கினேன். கட்டிங் எனக்குத் தெரியாதே, அதனால் குழந்தையின் பனியன் ஒன்றைக் கேட்டு வாங்கி, துணிமேல் விரித்து, சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டு, கீழே நீளத்தைக் கூட்டி வெட்டினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு குழந்தை தூங்கும்போது ஒரு நூலை அதன் கழுத்தைச் சுற்றிப் பிடித்து அளவெடுத்தேன். அந்த அளவுக்கு அச்சாக ஒரு வட்டக் காலர் தைத்தேன்.

அந்தக் காலரைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். ஒரு சுருக்கம் கிடையாது. மெஷினில் கொடுத்தால் அதன் பல் கடித்துவிடும் என்று லேஸை முழுக்கக் கையாலேயே வைத்துத் தைத்தேன். காலரைச் சுற்றி ஒரு வரிசை, கை விளிம்பில், கீழ் விளிம்பில். ஹேங்கரில் மாட்டி ஆணியில் தொங்கவிட்டபோது வசந்தா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். அது எங்கள் வீட்டில் அபூர்வம். ஸ்டெல்லா வந்து பார்த்தார். கவுனைத் தொடாமல் லேஸை மட்டும் விரல் நுனியால் தொட்டார். போட்டுப் பார்க்கலாமே என்று நான் சொன்னேன். (இதை வசந்தா தன் கதையில் சொல்வதே இல்லை.) ஸ்டெல்லா ஒப்புக்கொள்ளவில்லை. கோயிலில்தான் முதன்முதலாகப் போட வேண்டும், அதற்கு முன் பிள்ளை ஈரம் பண்ணிவிட்டால் என்ன செய்வது என்றார். குழந்தையின்மேல் வைத்து நீளத்தை மட்டும் பார்த்தோம். சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு சர்ச்சுக்குப் போனேன். செருப்பை எங்கே விடுவது, எங்கே நிற்பது, எதற்கு எழுந்திருப்பது என்று ஒன்றும் தெரியாமல் கடைசி வரிசை ஓரத்தில் நின்றேன். "ஐயர் வந்துட்டார்" என்று யாரோ சொன்னார்கள். சர்ச்சில் ஐயருக்கு என்ன வேலை என்று எட்டிப் பார்த்தேன். வெள்ளை அங்கியில் பாதிரியார் வந்தார். அவரைத்தான் அவர்கள் ஐயர் என்கிறார்கள். அந்த வியப்பிலிருந்து நான் மீள்வதற்குள் பக்கவாட்டு அறையிலிருந்து வசந்தா வேகமாக வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"தல பூரல," என்றாள் காதோடு.

"யார் தலை?"

"கொயந்த தலய்யா. நீ வா."

அறைக்குள் ஸ்டெல்லா, கிரேஸ் அக்கா, மேஜைமேல் எஸ்தர். எஸ்தரின் உச்சந்தலையில் என் காலர் ஒரு சின்னக் கிரீடம்போல உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே அவள் வீறிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பனியன் துணி இழுத்தால் விரியும், அதனால் அதற்குத் திறப்பு வேண்டாம். மல் துணி விரியாது. முதுகில் பிளவு விட்டு, பட்டி வைத்து, பட்டன் தைத்திருக்க வேண்டும். நான் அதை மறந்தேன் என்று சொல்ல முடியாது. மறப்பதற்கு முதலில் நினைத்திருக்க வேண்டும் அல்லவா. இத்தனை வருடங்களில் நான் தைத்த எந்தக் காலரும் ஒரு தலையைத் தாண்டி வந்து கழுத்தில் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. எங்கள் டேபிளில் தலை கிடையாது. கழுத்தும் உண்மையில் கிடையாது, அளவு மட்டும்தான். குழந்தைக்குக் கழுத்தைவிடத் தலை பெரியது என்பது, குழந்தையைத் தூக்கிய யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தைக்கும்போது மட்டும் தெரியவில்லை.

கிரேஸ் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பட்டன் எங்க?" என்றார்.

நான் சொன்ன பதில்தான் இன்றுவரை என்னைத் துரத்துகிறது. பயத்தில், கம்பெனியில் சூப்பர்வைசர் கேட்டால் வருகிற பதில் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது: "அது அடுத்த டேபிள்ங்க."

அவர் திரும்பி, அந்த அறையில் இருந்த ஒரே மேஜையைப் பார்த்தார்.

வெளியே பாட்டு முடியப்போகிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். கிரேஸ் அக்காவின் பையிலிருந்து சாட்டின் கவுனின் ஓரம் எட்டிப் பார்த்தது. அவர் அதில் கைவைத்தார், ஆனால் எடுக்கவில்லை. ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா குழந்தையின் தலையிலிருந்து கவுனை மெதுவாக எடுத்தார். என் சட்டைப் பையில் நூல் வெட்டும் சின்னக் கட்டர் எப்போதும் இருக்கும். முதுகில் கீறிவிட்டால் கவுன் இறங்கிவிடும். ஆனால் கீற வேண்டுமென்றால் முதலில் காலரைச் சுற்றிய லேஸை வெட்ட வேண்டும். பிரித்தெடுக்க நேரமில்லை. லேஸை நான் வெட்ட மாட்டேன் என்றேன். என் வாழ்க்கையில் ஒருவரிடம் மாட்டேன் என்று நான் சொன்னது அனேகமாக அதுதான் முதல் தடவை.

ஸ்டெல்லா கவுனை என் கையில் கொடுத்தார்.

"எங்கம்மா எனக்குத் தைக்கும்போது வெட்டாமயா தச்சிருப்பாங்க," என்றார். "வெட்டுங்கண்ணா."

வெட்டினேன். அந்த லேஸ் அறுந்தபோது சத்தமே வரவில்லை. எனக்கு ஏதாவது சத்தம் வந்திருக்கலாம் என்று இருந்தது. அதற்குப் பிறகு மல் துணி முதுகுப்பக்கம் பாதிவரை சுலபமாகக் கிழிந்தது. எஸ்தர் உள்ளே இறங்கினாள். முன்பக்கம் காலர் அச்சாகக் கழுத்தில் உட்கார்ந்தது. பின்பக்கம் முழுக்கத் திறந்திருந்தது.

ஊக்கு வேண்டுமே என்று வசந்தா தன் சேலையைத் தடவினாள். அதற்குள் கிரேஸ் அக்கா தன் தோளிலிருந்தும் மடிப்பிலிருந்தும் ஊக்குகளைப் பட்டுப்பட்டென்று கழற்றினார். "நவுரும்," என்று என்னைத் தள்ளிவிட்டு, குழந்தையின் முதுகைச் சேர்த்துக் குத்தினார். சாட்டின் கவுனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய பட்டுச்சேலை நழுவ ஆரம்பித்ததால் ஆராதனை முடியும்வரை ஒரு கையை மார்பில் அழுத்தி வைத்துக்கொண்டே நின்றார். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

குழந்தையைப் பாதிரியார் கையில் வாங்கினார். முன்வரிசையில் இருந்தவர்கள் லேஸைப் பார்த்து ஒருவரிடம் ஒருவர் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். ஸ்டெல்லாவின் கண் அந்தக் காலரை விட்டு நகரவே இல்லை. பாதிரியார் தண்ணீரைத் தொட்டு, "எஸ்தர்," என்று ஆரம்பித்தார். திடீரென்று நின்றார். அவருடைய இடது கை குழந்தையின் முதுகுக்கு அடியில் லேசாக இடம் மாறியது. கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். ஓர் ஊக்கு திறந்துகொண்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கிரேஸ் அக்காவுக்கும் தெரிந்துவிட்டது. அவர் தரையைப் பார்த்தார். நல்லவேளை, குத்தியது வெளிப்பக்கமாக, அவர் கையில். பாதிரியார் மூச்சை இழுத்துவிட்டு மறுபடியும், "எஸ்தர்," என்றார். பிறகு மிச்சத்தையும் சொல்லி முடித்தார். எஸ்தர் அழவில்லை.

அவளுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. ஒருமுறை கூப்பிட்டால் திரும்பவே மாட்டாள். இரண்டாவது தடவைதான் என்ன என்பாள். ஞானஸ்நானத்திலேயே அப்படிப் பழக்கிவிட்டார்கள், எல்லாம் கீழ்வீட்டு மாமா பண்ணின வேலை என்று ஸ்டெல்லா சொல்வார். எங்கள் வீட்டிலும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. சாதம் வடித்துவிட்டுக் குழம்பு வைக்கவில்லையென்றால், பல்பு வாங்கிவந்து மாட்டாமல் வைத்திருந்தால், "இன்னா, அடுத்த டேபிளா?" என்பாள் வசந்தா. அந்தக் கவுனின் முதுகை யாரும் இன்னும் தைத்து மூடவில்லை. கிரேஸ் அக்காவின் பேரனுக்கும் அதையேதான் போட்டார்களாம், ஊக்கு குத்தி.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது கிரேஸ் அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒரு பிளவுஸ் துணி. ஊருக்குப் போவதற்குள் தைத்துத் தருவியளா என்று கேட்டார். எனக்குக் காலர் மட்டும்தான் தைக்க வரும் என்றேன். சரி என்று துணியை மடித்து எடுத்துக்கொண்டு மேலே போனார். நான் கம்பெனிக்கு ரயில் பிடிக்கப் போனேன்.