சம்பந்திகள் ஏறி இறங்கிய கச்சேரி

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் என் டிரம்பெட்டும் நலம். உன் மாமனாரின் நலத்தை அவரிடமே கேட்டுக்கொள். நல்லா இருக்கார்னு நான் சொன்னால் அதிலும் ஒரு குற்றம் கண்டுபிடிப்பார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரு பாட்டாவது சேர்ந்து வாசிக்கிற வரைக்கும் குழந்தையைத் தூக்கிட்டு லீவுக்கு வரமாட்டேன்" என்று போனில் உத்தரவு போட்டாயே, அது நேற்று சாயங்காலம் நம்ம ஊர் இசை மன்றத்தில், நூற்றிருபது பேர் முன்னால் நிறைவேறியது. எப்படி நிறைவேறியது என்று ஊர் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சண்டை உனக்குத் தெரியாததா? என் டிரம்பெட்டுக்கும் உன் மாமனாரின் ஆர்கனுக்கும் பிறவியிலேயே சுருதியில் ஒரு படி வித்தியாசம். ஒரே ஸ்வரத் தாளைப் பார்த்து வாசித்தால் என் சத்தம் ஒரு படி கீழே கேட்கும். ஒன்று நான் ஏத்தி ஊதணும், இல்லேன்னா அவர் இறக்கி வாசிக்கணும். "நீங்க ஏறுங்க சம்பந்தி", "நீங்க இறங்குங்க சம்பந்தி" என்றே ஒத்திகையெல்லாம் போச்சு. பெண்ணைக் கொடுத்தவன் இறங்கிப் போகணும்னுதான் சொல்வாங்க. இவர் என்னை ஏறச் சொல்றார், அதுக்கும் நான் மாட்டேன்னேன்னா என் திமிரைப் பாரேன்.

ஆனால் நேற்று மேடையில் நின்றதும் குழந்தை முகம் ஞாபகம் வந்துவிட்டது. தொலையட்டும், நானே ஏத்தி ஊதிடுவோம் என்று முடிவு பண்ணினேன். வாயைத் திறந்து சொன்னால் கௌரவம் என்னாவது? சொல்லலை. அந்தப் புண்ணியவானும் அதே நேரத்தில் இறங்கித் தொலைப்போம்னு முடிவு பண்ணியிருக்கார். அவரும் சொல்லலை.

நான் ஏத்தினேன், அவர் இறக்கினார். சுவர் முழுக்க நிற்கிற ஆர்கன் குழாய் அத்தனையும் ஒரு பக்கம் அலற, நான் ஒரு பக்கம் அலற, முன்வரிசையில் இருந்த பல் டாக்டர் தன் தாடையையே பிடித்துக்கொண்டார். ஆர்கன்காரர் சபைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரணும், என்னை ஒரு சின்னக் கண்ணாடியில்தான் பார்ப்பார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான், கண்ணாடியில் எத்தனையோ லாரிக்காரன் முறைப்பைப் பார்த்திருக்கேன், அப்படி ஒரு முறைப்பைப் பார்த்ததில்லை. பயந்துபோய் இறங்கினேன். அதே மூச்சில் அவர் ஏறினார். மறுபடி நான் ஏற, அவர் இறங்க, குறுகலான சந்தில் எதிரெதிரே வந்த ரெண்டு பேர் வழிவிடுகிறேன் பேர்வழின்னு ஒரே பக்கம் ஒதுங்கின கதைதான்.

பக்கத்தில் நின்று தாள் திருப்பிக்கொண்டிருந்த உன் மாமியார்தான் பொறுக்க முடியாமல் கத்தினாங்க: "யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுங்க, போதும்! ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்காதீங்க!"

ஆர்கன் நின்றது. உன் மாமனார் மெல்லத் திரும்பினார்.

"சம்பந்தி, நீங்களா ஏறினீங்க?"

"நீங்களா இறங்கினீங்க?"

மன்றமே குலுங்கிச் சிரித்தது. "நீங்க இருந்த இடத்திலேயே இருங்க, நான் வர்றேன்" என்றேன். முதலிலிருந்து வாசித்தோம். என் மூச்சு எங்கே முடியுது, அவர் குழாய் எங்கே தொடங்குதுன்னு எனக்கே தெரியலை. பல் டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார், பல்லெல்லாம் தெரிய.

இருந்தாலும் இத்தோடு சரி. உன் உத்தரவுக்காக ஒரு தடவை வாசிச்சாச்சு, இனிமேல் செத்தாலும் அந்த மனுஷரோடு மேடை ஏற மாட்டேன். நீ டிக்கெட் போட்டுக் கிளம்பு. மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தைக்கு ரெண்டு கன்னத்திலும் முத்தம். உன் வீட்டில் சத்தத்துக்கும் சிரிப்புக்கும் ஒருநாளும் பஞ்சம் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஊதி ஊதிக் கன்னம் தொங்கிய
அப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் மன்றத்துச் செயலாளர் வந்துவிட்டார். அடுத்த மாதமும் வாசிக்கணுமாம், அந்த ஏறி இறங்கின கூத்தையும் விடாமல், அப்படியே. ஜனங்க அதைத்தான் கேட்கிறாங்களாம். காலையிலிருந்து நானும் உன் மாமனாரும் தப்பா வாசிக்க ஒத்திகை பார்க்கிறோம். எங்கேம்மா தப்பு வருது? நான் ஏறினாலும் இறங்கினாலும் பாழாப்போன மனுஷர் சரியா கூடவே வந்து நிக்கிறார்.