துரைச்சாணி கேட்ட கேள்வி

"விடியக்காலத்தில இருந்து இந்த அம்மா வேலை செய்யுதாளே, இவளுக்கு ஓய்வு எப்போன்னு துரைச்சாணி கேக்கா அப்பா" என்றாள் நேசபாய்.

ஞானசிங்குக்கு வாயில் போட்ட தோசை தொண்டையில் நின்றது.

எதிரே மிஸ் ஈடித் மீன்கறித் தட்டின் முன்னால் கண் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தாள். அடேயப்பா, என்ன இரக்கம்! சமையற்காரி செல்லபாய்க்காகக் காலைப் பலகாரத்திலேயே கண்ணீர் விடுகிற ஜீவனை அவர் இதுவரை பார்த்ததில்லை.

ஈடித் லண்டனில் தொழிலாளர் நலமும் சமுதாயக் கொள்கையும் படிக்கிறவள். மிஷன் ஏற்பாட்டில் மாற்று மாணவியாக நாகர்கோவிலுக்கு வந்து, ஞானசிங் வீட்டில் தங்கியிருந்தாள். அவள் இங்கே வந்ததற்குப் பதிலாக இந்த வீட்டுப் பையன் ஜெபசீலன் லண்டன் போய்ப் படிக்கலாம். பையன் இண்டர்மீடியட்டில் கோட்டடித்தவன், அதுவும் இங்கிலீஷில். உள்ளூரில் வராத இங்கிலீஷ் கப்பலேறினால் வந்துவிடும் என்பது தகப்பனாரின் விசுவாசம். துரைச்சாணி முகம் கோணாமல் லண்டனுக்கு நல்லபடியாக எழுதிப்போட வேண்டும், அவ்வளவுதான்.

ஞானசிங்குக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'வெரி குட்' மட்டும். மிஷன் பள்ளியில் படித்த மகள் நேசபாய்தான் இருவருக்கும் நடுவில் துபாஷி.

"வேலைக்காரின்னு சொல்லிராத மக்கா. அது... எனக்க அக்காவாக்கும்னு சொல்லு."

நேசபாய் சொன்னாள். ஈடித் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் நாலு வார்த்தை பேசினாள்.

"பின்ன ஏன் அக்கா நம்மகூட இருந்து சாப்பிடல்லன்னு கேக்கா."

"இவ மூக்கு மாதிரியே கேள்வியும் நீளமாட்டுல்லா இருக்கு!"

செல்லபாய்க்கு நாற்காலி போடப்பட்டது. முதல் நாள் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாள். மறுநாளே நன்றாகச் சாய்ந்துகொண்டு, "தம்பி, கறிக்கு உப்பு போராது" என்றாள்.

தம்பியாம்! ஞானசிங் பல்லைக் கடித்தார். கறி அவர் வைத்ததுதான். வேறு சமையற்காரியை வைத்தால் துரைச்சாணி அவளுக்கும் ஓய்வு கேட்பாளே. ஊரிலுள்ள அத்தனை பேரையும் அக்காவாக்கினால் குடும்பம் தாங்குமா? மனைவி காலமாகிவிட்டாள். மகள் துபாஷி உத்தியோகத்தில். மகன் லண்டன் பயணக் களைப்பை இப்போதே படுத்துத் தீர்த்துக்கொண்டிருந்தான். அளவு தெரியாமல் மிளகாயை அள்ளிப்போட்டு அரைத்தார் ஞானசிங்.

ஈடித் முதல் கவளத்திலேயே பொலபொலவென்று அழுதாள்.

"இப்போ என்னட்டி?"

"கிணத்தில வெள்ளம் கோருதாரே, அவரு யாருன்னு கேக்கா."

கிணற்றடியில் நின்றவன் வில்வண்டி ஓட்டும் செல்வதாஸ், செல்லபாயின் மகன். நேசபாய் ஏறினால் மட்டும் மாட்டைப் பைய ஓட்டுகிறவன். வண்டிக்காரன் 'அவரு' ஆகிவிட்டானா! எல்லாம் இந்தச் சீமைக்காரி கொடுத்த பழக்கம்.

"அக்காக்க மவன்னா வேற யாரு? எனக்க மருமவன்!"

"அப்போ அவரையும் நாற்காலில..."

"இருக்கட்டும்! எல்லாரும் இருங்க! வெள்ளமும் நானே கோரிக்கிடுதேன்!"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அக்காவும் மருமகனும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். "உமக்கு அக்கா உண்டுமா ஓய்?" என்று கேட்ட போதகரிடம், ஈடித் பக்கத்தில் நின்றதால், "உண்டும், உண்டும்" என்றார் ஞானசிங். பொய் சபையேறிவிட்டது.

அன்று மத்தியானம் ஈடித் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டாள். முகம் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. படபடவென்று ஏதோ பொரிந்து தள்ளினாள்.

நேசபாய் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க பொய் சொல்லுதியன்னு சொல்லுதா அப்பா. அக்கா மவன்னா இந்த ஊரு வழக்கத்துக்கு முறைமாப்பிள்ளையாமே. கெட்டிக்குடுக்க வேண்டிய பொண்ணும் வீட்டிலேயே இருக்கு. பின்ன ஏன் குடுக்கல்ல? அப்போ அவரு வேலைக்காரனேதான்னு லண்டனுக்கு எழுதப் போறாளாம்."

உள்ளறையிலிருந்து ஜெபசீலனின் குறட்டை கேட்டது. ஞானசிங்குக்கு ஒரு பக்கம் மகள், மறுபக்கம் லண்டன்.

"குடுப்போம்னு சொல்லு" என்றார் குரல் உடைந்து. "உனக்குச் சம்மதமா மக்கா?"

"அண்ணனுக்காகத்தானே அப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அந்தத் தியாகி.

சபையில் கலியாண ஓலை வாசித்தார்கள். தாலியும் ஏறியது. லண்டன் கைக்கெட்டிவிட்ட நிம்மதியில் ஞானசிங் பந்தி விசாரித்தார். ஈடித்துக்குப் பக்கத்து இலையில் இங்கிலீஷ் தெரிந்த போதகர். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். போதகருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

கை கழுவப் போனவர் ஞானசிங்கின் தோளைத் தட்டினார்.

"ஓய் ஞானசிங், அந்தப் பிள்ளை உம்ம வீட்டுக்கு வந்ததில இருந்து ஒரே ஒரு காரியந்தான் கேட்டாளாம், அதையும் நீரு காதில வாங்கல்லன்னு சங்கடப்படுதா. கறியில மிளகாயைக் கொஞ்சம் குறைச்சாத்தான் என்னவாம்?"