பெல்ட் போட்ட மாப்பிள்ளை

பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவனை எந்தக் குடும்பமும் மன்னிப்பதில்லை. வேலியைத் தள்ளிப் போட்டவனோடும் பெருநாளைக்குக் கைகொடுத்து ஸலாம் சொல்வார்கள். பந்தலில் சண்டை பிடித்தவனுக்கும் மறுநாளே தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார்கள். "பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொன்னவனுக்கு மட்டும் ஆயுள் தண்டனை. அதை அனுபவித்துக்கொண்டிருப்பவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

நான் வைத்திருந்தது ஐரோப்பாவின் வடக்கு மூலையில், பனி கொட்டும் ஒரு நாட்டில் செய்த கார். (பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறேன் என்பார்கள்.) கொழும்பில் ஒருவர் பாவித்துக் களைத்துப் போய் விற்றது. வெள்ளை நிறம், பெட்டி வடிவம், பின்பக்கம் ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு வாசலில் அதைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று, பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆரு மவுத்து?" என்று கேட்டார். யாரோ இறந்து, ஜனாஸா கொண்டுபோகும் வண்டி வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

'எங்கள் வீடு' என்று எழுதிவிட்டேன், அது பிழை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு என் மனைவி ஸஹானாவுடையது. அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் அவளுடைய வாப்பா, அதாவது என் மாமா. நெல் ஆலை வைத்திருந்தவர். வாலிபத்தில் லொறி ஓட்டியவர். வீட்டு வளவுக்குள் எந்த வாகனம் நிற்கலாம் என்பதை அவர்தான் தீர்மானிப்பார். நான் பாலமுனையிலிருந்து வந்து சேர்ந்த மருமகன், அவ்வளவுதான்.

காரோடு நான் பட்டது கொஞ்சமல்ல. கல்முனையில் ஒரு மெக்கானிக் பொனட்டைத் திறந்தார், பார்த்தார், மெதுவாக மூடினார். "இதுக்குள்ள கை வைக்க ஏலா மச்சான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். சின்ன ரப்பர் துண்டு ஒன்றுக்குக்கூடக் கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டும். ஏசி நினைத்தால் வேலை செய்யும். சீட்டைச் சூடாக்கும் வசதி மட்டும் ஒருநாளும் பழுதானதில்லை. (சித்திரை வெயிலில், எங்கள் ஊரில், சீட்டைச் சூடாக்க!)

அப்படியிருந்தும் அதன் புராணத்தைக் கேட்காதவர் ஊரில் இல்லை. யார் ஏறினாலும் தொடங்கிவிடுவேன். தோளிலிருந்து இடுப்புக்கு வருகிற பெல்ட்டை இன்றிருக்கும் விதத்தில் அமைத்தது அந்தக் கம்பெனியின் பொறியியலாளர்தான். அதற்கு முன்னர் அவர் விமானத்தில், ஆபத்து நேரத்தில் விமானியைச் சீட்டோடு வெளியே எறிகிற பொறிக்கு வேலை செய்தவர். ஆட்களை வெளியே எறிந்து காப்பாற்றிய மனிதர், பிறகு உள்ளே பிடித்து வைத்துக் காப்பாற்ற வந்தார். கம்பெனியோ காப்புரிமையைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கம்பெனிகளும் பாவிக்கட்டும் என்று விட்டுவிட்டது. "உங்கட ஜப்பான் கார்ல இரிக்கிற பெல்ட்டும் அவங்கட நன்மதான்" என்று நான் முடிப்பதற்குள், ஏறியவர் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கிவிடுவார்.

என் பைத்தியத்துக்குக் காரணம் இருந்தது. என் காக்கா, கூடப் பிறந்த அண்ணன், வேனில் முன் சீட்டில் போய்க்கொண்டிருந்தார். வேன் கவிழ்ந்தது. பின்னால் இருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். காக்கா கண்ணாடியோடு வெளியே போனார். வேனில் பெல்ட் இருந்தது. அழகான புது சீட் கவருக்கு அடியில், கசங்காமல் இருந்தது. "அல்லாட விதி, சபூர் செய்யுங்க" என்று எல்லாரும் சொன்னார்கள். பொறுத்தேன், சபூர் செய்தேன். ஆனால் பொலிஸைக் கண்டதும் பெல்ட்டை இழுத்து நெஞ்சில் கையால் பிடித்துக்கொண்டு, தாண்டியதும் விட்டுவிடுகிற ஆட்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஸஹானாவின் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ஃபர்ஹான், என்னுடைய பாலமுனைதான். மாப்பிள்ளையைப் போய்க் கூட்டி வருவது மூத்த மருமகனின் உரிமை. எல்லாரும் பூச்சோடித்த ஜப்பான் கார் ஒன்றைத்தான் நினைத்திருந்தார்கள். நான் என் காரில்தான் கூட்டி வருவேன் என்று நின்றேன்.

மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். "மருமகன், இந்தக் கார் வந்த நாளையிலிருந்து பாக்கிறவனெல்லாம் மவுத்து வீடா எண்டு கேக்கிறான். மாப்பிள்ள இதுல வடிவா வந்து இறங்கினா, வளவுக்குள்ள வச்சிக்கங்க. இல்லாட்டி வித்துப் போடுங்க. மறுகா கதைக்கப்படாது."

"ஓம் மாமா" என்றேன். உலகத்திலேயே பாதுகாப்பான கார். என்ன நடந்துவிடப் போகிறது?

ஃபர்ஹான் நல்ல உடம்புக்காரன். தங்க நூல் வேலை செய்த ஷெர்வானி, தலைப்பாகை, தோளில் குஞ்சம் வைத்த பெரிய சால்வை. முன் சீட்டில் ஏற்றினேன். பின்னால் அவனுடைய கூட்டாளிமார், நான் பெல்ட் என்றதைக் காதில் போடாமல், நெருக்கியடித்து ஏறினார்கள்.

"மச்சான், பெல்ட் வேணாம். ஷெர்வானி கசங்கிரும்."

"ஷெர்வானி கசங்கினாப் பரவாயில்ல. நீங்க கசங்கப்படா."

நானே குனிந்து பெல்ட்டை இழுத்துப் பூட்டினேன். 'டக்' என்று சத்தம் கேட்டது. எனக்கு அவ்வளவு திருப்தி. சால்வைக் குஞ்சமும் கொக்கியோடு உள்ளே போனதை நான் பார்க்கவில்லை. காரின் வரலாற்றை அப்போதே ஆரம்பித்திருந்தேன்.

ஒலுவிலைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே வருகிறபோது ஓர் எருமை ரோட்டுக்கு ஏறியது. பிரேக்கை மிதித்தேன். பின்னால் இருந்த கூட்டாளிமார் ஒருவர் மேல் ஒருவர் வந்து விழுந்தார்கள். ஒருத்தனுக்கு மூக்கால் இரத்தம் வந்தது. ஃபர்ஹானின் தலைப்பாகை மட்டும் கண்ணாடியில் போய் இடித்துத் திரும்பியது. அவன் இருந்த இடத்தில் இருந்தான். எருமை எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தது.

"பாத்தீங்களா!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நிமிடம் இல்லை. நிந்தவூரும் காரைதீவும் தாண்டி, சாய்ந்தமருது வரும்வரைக்கும் நான் மட்டும்தான் கதைத்தேன்.

வாசலில் ஊரே நின்றது. பொண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே எடுப்பதும், மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவதும் எங்கள் வழக்கம். மச்சினன் இர்ஷாத் செம்பில் தண்ணீரோடு தயாராக நின்றான். மதிலுக்கு மேலே பெண்கள், எல்லார் கையிலும் போன். நான் இறங்கி ஓடிப்போய், ராஜா வீட்டுச் சேவகன் மாதிரிக் கதவைத் திறந்தேன்.

ஃபர்ஹான் எழும்பினான். எழும்பியதாக நினைத்தான்.

"மச்சான், கழறுதில்ல."

சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். அசையவில்லை. குஞ்சம் உள்ளே போய் இறுகியிருந்தது. இழுத்தேன். வெடுக்கென்று இழுத்தால் இறுகிப் பிடிப்பதுதானே அந்தப் பெல்ட்டின் வேலை, அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. இர்ஷாத் செம்பை வைத்துவிட்டு வந்து இழுத்தான். கூட்டாளிமார் மற்றப் பக்கத்தால் இழுத்தார்கள். ஒவ்வோர் இழுவைக்கும் மாப்பிள்ளை சீட்டோடு சேர்ந்துகொண்டே போனான்.

"ஷெர்வானியக் கழட்டிப் போட்டு நுழைஞ்சி வாங்க" என்றது ஒரு குரல். மதிலிலிருந்து பெண்கள் சிரித்தார்கள். ஃபர்ஹானின் முகம் கறுத்தது.

"மச்சான்" என்றான் மெதுவாக, "கீழ சுடுது."

"பதட்டம்தான். பொறுங்க."

"இல்ல மச்சான், உண்மையாச் சுடுது."

குனிந்து பார்த்தேன். இழுபறியில் யாருடைய முழங்கையோ பட்டு, சீட்டைச் சூடாக்கும் சுவிட்சின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பனி நாட்டுக்காரர்கள் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. நான் அணைப்பதற்குள் மாப்பிள்ளையின் வேர்வை ஷெர்வானிக்கு வெளியே வந்துவிட்டது.

உள்ளே மௌலவி காத்திருந்தார். அஸர் தொழுகைக்கு முன்னர் நிக்காஹ் முடிய வேண்டும். பெரியவர்கள் கூடிக் கதைத்து, காலை அங்கேயே கழுவுவதென்று முடிவெடுத்தார்கள். கட்டுண்ட மாப்பிள்ளை காலை வெளியே நீட்ட, இர்ஷாத் தண்ணீர் ஊற்றினான். பாதி காலில், மீதி என் காருக்குள். மோதிரத்தைப் போடக் கை எட்டவில்லை. இர்ஷாத் காருக்குள் தலையை விட்டு விரலை நீட்டினான்.

பிறகு மாமா வந்தார். கூட்டம் விலகியது. அவர் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"என்னத்துக்கு மருமகன் கட்டினீங்க? ஓடிப் போயிருவான் எண்டா?"

"எருமை ஒண்டு குறுக்க வந்த மாமா. பெல்ட் இல்லாட்டி இண்டைக்கு..."

"நான் லொறி ஓட்டின காலத்தில பெல்ட்டும் இல்ல, ஒண்டுமில்ல. மவுத்தாப் போயிட்டனா?"

கூட்டம் 'ஓம், ஓம்' என்றது. மூக்கில் பஞ்சு வைத்திருந்தவனும்தான். என் காக்காவின் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கல்யாண வாசலில் அதைச் சொல்லக்கூடாது என்று விழுங்கினேன். அன்றைக்கு நான் விழுங்கியது இன்னும் செமிக்கவில்லை. குனிந்து, பூட்டிய கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவர்களுக்கு நான் அழப்போகிறேன் என்று தோன்றியிருக்கும்.

சமையல்காரர் இறைச்சி வெட்டும் கத்தியோடு வந்தார். மாமா தலையசைத்தார். பெல்ட்டை அறுத்தார்கள். (அதை அறுக்கவும் நேரம் எடுத்தது. அந்த நாட்டுச் சாமான் அப்படி.) மாப்பிள்ளை வெளியே விழுந்து எழும்பி, வலது காலை வைத்து உள்ளே போனான். எல்லாரும் சலவாத்து ஓதினார்கள். நான் ஈரமான காருக்குள் அறுந்த பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஸஹானா மட்டும் வந்தாள்.

"இஞ்ச பாருங்க, வந்து சாப்பிடுங்க. ஆக்கள் பாக்காங்க."

"நீயும் அவங்க சொல்றதத்தான் சொல்ற?"

"நான் பெல்ட் போட்டுத்தானே வாற" என்றாள். அது உண்மை. அவள் மட்டும் போடுவாள். அதுவும் என் வாயை அடைக்கத்தான் என்று பிறகு ஒருநாள் சொன்னாள்.

கார் போய்விட்டது. மாமா சொன்ன சொல் சொல்தான். வாங்கியவர் மருதமுனை மீன் வியாபாரி. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, மிச்சமிருந்த பெல்ட்டுகளால் ஐஸ் பெட்டிகளை இறுக்கிக் கட்டியிருந்தார். "நல்ல பெல்ட் தம்பி, ஒரு மீன் அசையாது" என்று எனக்கு நற்சான்று தந்தார். எங்கள் கரையில் ஒழுங்காகப் பெல்ட் போட்டுப் போவது அந்தச் சூரை மீன்கள்தான்.

அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பாயில் சஹனை, எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டை, சுற்றி உட்கார்ந்ததும் யாராவது, "மச்சான், பெல்ட்டப் போடுங்க, சோறு வருது" என்பார்கள். பாய் சிரிப்பால் அதிரும். அவர்கள் சொல்கிற கதையில் குஞ்சம் இருக்கும், சூடு இருக்கும், கத்தி இருக்கும். எருமை மட்டும் வராது. ஃபர்ஹானும் அப்படித்தான் சொல்கிறான்.

போன பெருநாளுக்கு அவன் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் புறப்பட்டான். மோட்டார் சைக்கிள். பெட்ரோல் டாங்கியின் மேல் மூத்த மகள், பின்னால் கைக்குழந்தையோடு மனைவி. ஹெல்மெட் கைபிடியில் தொங்கியது. நான் வாசலில் நின்றேன். எதுவும் சொல்வதில்லை என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன்.

"பெரியவாப்பா, பெல்ட் போட்டாச்சா?" என்று கேட்டது டாங்கியில் இருந்த பிள்ளை. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வீடு முழுக்கச் சிரித்தது.

ஃபர்ஹான் வண்டியை ஓடவிட்டபடியே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். "பாருங்க மச்சான், ஒரு கட்டும் இல்ல!"

ஒழுங்கையின் முனையில், பிரதான வீதிக்கு அவர்கள் ஏறும் இடத்தில், அக்கரைப்பற்று பஸ் நீளமாக ஹோன் அடித்தது. பிள்ளை திரும்பி எனக்குக் கை காட்டியது. நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டே நின்றேன். சிரிப்பை நிறுத்தினால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள்.