கழற்றிப் பூட்டும் விமானக்காரர்

மனித இனத்தில் வீட்டிலேயே விமானம் கட்டுபவர் என்று ஒரு பிரிவு உண்டு. கார் நிறுத்தும் கொட்டகை பூட்டியிருந்து, கார் மட்டும் தெருவில் மழையில் நனைந்துகொண்டிருந்தால், உள்ளே எட்டிப் பாருங்கள். ஒருவர் அலுமினியத் தகட்டின் ஓரத்தை அரத்தால் தேய்த்துக்கொண்டிருப்பார்.

எப்போது பறக்கும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "முடிஞ்ச மாதிரிதான். ஒரு சின்ன வேலை பாக்கி" என்பார். அந்தச் சின்ன வேலை, அவர் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது பிறந்தது. மகள் இப்போது வேலைக்குப் போகிறாள்.

எனக்குத் தெரிந்தவர் ஒரு பல் டாக்டர். காலையில் அடுத்தவர் பல்லில் ஓட்டையை அடைப்பார். மாலையில் தன் விமானத்தில் ஓட்டை போடுவார். எடை குறைகிறதாம். இப்படிக் கிராம் கிராமாக விமானத்தை இளைக்க வைத்தவர், அந்தத் திருப்தியில் இரண்டாம் தடவை தட்டை நிரப்பி, கிலோ கிலோவாகத் தாமே பருத்தார்.

தகடுகளை இணைக்கும் ரிவிட் ஆணி அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் அடிக்க, உள்ளே ஒருவர் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். வால் பகுதியோ குறுகல். டாக்டரின் தலை மட்டும்தான் நுழையும். ஆகவே அந்தக் குகைக்குள் படுத்தபடி பாதி இல்லறத்தை நடத்தியவர் அவர் மனைவி. வெளியே வந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. பயிற்சிக்குப் போய், விமானம் ஓட்ட லைசென்ஸே வாங்கிவிட்டார். தான் ரிவிட் பிடித்த விமானத்தைத் தானே ஓட்ட வேண்டும். அவருக்கு இருந்தது இந்த ஒரே ஆசை.

ஒருவழியாக விமானம் ஊருக்கு வெளியே உள்ள சின்ன விமானத் திடலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆய்வாளர் வந்து தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டார். நாமாக இருந்தால் குதித்திருப்போம். டாக்டர் மறுநாளே இன்ஜினைக் கழற்றினார். கழற்றினால் அனுமதி செல்லாது. மறுபடி ஆய்வு, மறுபடி கையெழுத்து. அடுத்து சக்கரங்களைக் கழற்றினார். மூன்றாம் முறை வந்த ஆய்வாளரால் பொறுக்க முடியவில்லை.

"டாக்டர், போன தடவையே நல்லாத்தானே இருந்துச்சு?"

"இன்னும் நல்லா இருக்கலாம்ல?"

"இப்படியே போனா நான் ரிட்டயர் ஆயிடுவேன்."

"அப்புறம் நிதானமாவே பாக்கலாம் சார். உங்களுக்கும் பொழுது போகும்."

மனைவி சிரிக்கவில்லை. "ஏங்க, பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்? நான் கட்டின வண்டி."

"விழுந்துடும்னு பயமான்னு கேக்கல. பறந்துடும்னு பயமா?"

டாக்டர் குனிந்து ஸ்பேனரைத் தேடினார். நியாயம்தானே? பறந்துவிட்டால் மாலைகளை என்ன செய்வது? வருகிறவர்களை நிறுத்திவைத்து எதை விளக்குவது?

மூன்றாவது கையெழுத்தின் மை காய்வதற்குள், கதவுக் கைப்பிடி பார்வையாக இல்லை என்று கண்டுபிடித்து, வேறு வாங்கக் கடைக்கு ஓடினார்.

"இந்த அனுமதி இப்ப செல்லுமா சார்?" என்று மனைவி ஆய்வாளரிடம் கேட்டார்.

"அவர் திரும்பி வர்ற வரைக்கும் செல்லும்மா."

டாக்டர் கைப்பிடியோடு வந்தபோது விமானத் திடலின் கொட்டகை காலி. விமானம் தலைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தது. ஆயுள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொன்னவர், யாரும் சொல்லாமலே திறந்தபடி அண்ணாந்து நின்றார். பிறகு ஆய்வாளரிடம் சொன்னார்: "இடது பக்கம் சாயுது பாத்தீங்களா? இறக்கைய ஒரு தடவை கழட்டிப் பாத்துடணும்."

இறங்கி வந்த மனைவியிடமும் அதையே சொன்னார். அம்மாள் தலைக்கவசத்தைக் கழற்றினார். "நேராத்தான் போச்சு. உங்க முகத்தப் பாக்கணும்னு நான்தான் சாய்ச்சேன்."

அடுத்த வாரமே டாக்டர் வீட்டில் அடுத்த விமானத்துக்குப் புதுத் தகடுகள் வந்து இறங்கின. கார் தெருவிலேயே நிற்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் விமானம் இல்லைதான். ஆனால் இழுப்பறையில் ஒரு பாதிக் கதையோ, கடை திறக்கும் திட்டமோ, வருஷக்கணக்காகச் செதுக்கும் ஏதோ ஒன்றோ கிடக்கிறதல்லவா? "இது போதும், நல்லாவே இருக்கு" என்று யாராவது சொன்னால் சுருக்கென்று கோபம் வருகிறதா? வந்தால், உங்கள் வீட்டில் யாராவது சத்தமில்லாமல் பறக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்களா என்று விசாரித்து வைப்பது நல்லது.