வட்டிலப்பத்துக்குப் பயந்தவர்

கல்முனைக்குடி தொடங்கித் திருக்கோவில் வரை கடற்கரையோரமாகத் தேடினாலும், வட்டிலப்பத்தைக் கண்டு பயந்த ஒரே மனுசி எங்கள் 'என்னத்துக்கு மூத்தம்மா'தான். யாராவது இனிப்பு நீட்டினால் அவருக்குக் கை நீளாது, கண் சுருங்கும். "என்னத்துக்கு?" என்பார். பெயர் வந்தது அப்படித்தான். மூத்தம்மா என்றால் எங்கள் பக்கம் பாட்டி; சொந்தமில்லாத நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

காரணம் இல்லாமல் இல்லை. மூன்று மகள்மார், ஒன்பது பேரப்பிள்ளைகள். யார் அன்பாகக் கதைத்தாலும் அதற்குப் பின்னால், பார்த்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் விட்டுப்போக ஒரு பிள்ளை ஒளிந்திருக்கிறது என்பது அவர் கணிப்பு. தேத்தண்ணியில் சீனி ஒரு கரண்டி கூடினால் ஒரு பிள்ளை, இரண்டு கரண்டி கூடினால் இரண்டு பிள்ளை. கணிப்புத் தவறியதை நான் பார்த்ததில்லை.

சுனாமி எங்கள் வீடுகளை அள்ளிப்போன பிறகு, முகாமில் பலகைக் கொட்டில்களில் அடுத்தடுத்து இருந்தோம். என் உம்மாவையும் கடல் எடுத்துவிட்டது. பலகைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மூத்தம்மா.

நிவாரண வாளி கொடுக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தார். மூத்தம்மா வாளியைத் தொடவில்லை. மொழிபெயர்க்க வந்தவரைப் பிடித்துக்கொண்டார்.

"இவ என்னத்துக்குச் சும்மா தாறா? இவக்குப் புள்ள எத்தின?"

"ரெண்டு, மூத்தம்மா."

"பாத்தியா. எப்பக் கொண்டாந்து உடப் போறா எண்டு கேளு."

சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் அவர் பையைக் கேட்டபோதும் இதே கதைதான். கலியாணம் முடிக்கவில்லை என்று அவன் தலையாட்டிய பிறகே பையைக் கொடுத்தார்.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டால், கொட்டிலின் மூலையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டி உள்ளே போய்விடுவார். "ஓதப் போறன். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்ற மட்டும் ஒருத்தரும் கூப்பிடப்படா" என்று உத்தரவு. உள்ளே நிவாரண பிஸ்கட் தின்கிறார் என்பது மூத்த மகளின் சந்தேகம். நகை புதைத்திருக்கிறார் என்பது இளையவளின் சந்தேகம். சந்தேகம் எனக்கும் தொற்றியது. பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன்.

காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். தஸ்பீஹ் மாலை மடியில் கிடந்தது, மணி உருளவில்லை. பிஸ்கட்டும் இல்லை, நகையும் இல்லை.

"ஒன்ன உளவு பாக்கச் சொன்ன யாரு?"

"ஒருத்தரும் இல்ல. ஓதல்லயா மூத்தம்மா?"

"ஓதப் போறன் எண்டாத்தான் உடுவாளுகள். சும்மா இரிக்கப் போறன் எண்டா உடுவாளுகளா? விடிஞ்சா உம்மா, மாமி, மூத்தம்மா. எனக்கும் ஒரு பேர் இரிக்குகா. அத நினைக்கவும் நேரம் வேணும்."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். நம்பவில்லை. மறுநாள் அந்த இடுக்கில் துணி அடைத்திருந்தது.

பிறகு வீட்டுத் திட்டத்திலும் அவர் எனக்கு அடுத்த வீடு. நாட்டில் சண்டை முடிந்ததென்று சந்தியில் பட்டாசு கொளுத்திய கிழமை எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. கணவர் கத்தாரில். பிள்ளை பெற்றவளை நாற்பது நாளும் அவளுடைய உம்மாதான் பார்த்துக்கொள்வது எங்கள் வழக்கம். எனக்கு ஆளில்லை. பட்டாசுச் சத்தத்தில் தொடங்கிய அழுகையை என் மகன் நிறுத்துவதாயில்லை. நான் சோறு தின்றேனா என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஒரு நாள் அசருக்குப் பிறகு வாசலில் மூத்தம்மா நின்றார். அந்த நேரத்தில் அவரை வெளியில் கண்டவர்கள் யாருமில்லை.

"புள்ளயத் தாகா."

இப்போது சந்தேகப்படுவது என் முறை. "உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்டும் வேணாம். மஃரிப் மட்டும் நான் வெச்சிருக்கன். நீ போய்ச் சும்மா படு."

"இது உங்கட நேரமெல்லவா?"

"ஓம், அதத்தான் தாறன். கெதியாப் போ, மனசு மாறிடும்."

நாற்பது முடியும்வரை ஒரு அசரும் தவறாமல் வந்தார். அந்த முதல் நாள், படுத்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை, அழுகைதான் வந்தது. உம்மா போய் நாலரை வருசம். முகாம், வீடு, கலியாணம் என்று ஓடியதில், ஒரு இடத்தில் கிடந்து உம்மாவுக்காக அழ எனக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. நான் விம்மியது முன்னறைக்குக் கேட்டிருக்க வேண்டும். மகனும் வீரிட்டான். அவர் அவனைத் தட்டிக்கொடுத்துச் சொன்னது எனக்குக் கேட்டது.

"கத்தாத மனே. இப்ப அழுறது ஒன்ட முறை இல்ல, ஒன்ட உம்மாட முறை."